வாய் குறுகிய புகைக்குழாய்

நிலக்கரிப் புகைக்கு ஒரு ருசி உண்டு. உரசி அணைத்த தீக்குச்சியின் கருகிய முனையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கசப்பும் கரகரப்புமாக ஒன்று தொண்டைக்குள் இறங்குமே, கிட்டத்தட்ட அதுதான். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷத்தில் அந்த ருசி எங்கள் வீட்டு இட்லியில் இருந்தது, தண்ணீர்க் குடத்தில் இருந்தது, துவைத்து மடித்து வைத்த பள்ளிச் சீருடையின் மடிப்புக்குள்ளும் இருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "தீவாளிக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு, உங்க வீட்ல இப்பமே வெடி போடுதியளாட்டி?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கே என் தலைமுடி நாறியது.

சங்கரன்கோவிலில் எங்கள் வீடும் அப்பாவின் கொல்லுப்பட்டறையும் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இருந்தன. மேற்குப் பக்கத்து அறை பட்டறை. கிழக்குப் பக்கம் நாங்கள் உண்டு உறங்குகிற இடம். நடுவில் கதவில்லாத ஒரு நிலைவாசல். அப்பா பழுத்த இரும்பைக் குறடால் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் இடம் காட்ட, அம்மா எதிரே நின்று இரண்டு கையாலும் சம்மட்டி அடிப்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நேரங்களில் நான் உலைக்குக் காற்று தரும் சக்கரத்தைச் சுற்றுவேன். "மம்பட்டி" தட்ட வருகிற விவசாயிகள், ஒரு பொம்பளை சம்மட்டி தூக்குவதை முதல் தடவை பார்க்கும்போது வாயைப் பிளப்பார்கள். அடுத்த தடவை வரும்போது, எந்த இடத்தில் கனம் வேண்டும், எந்த இடத்தில் வளைவு வேண்டும் என்பதையெல்லாம் நேராக அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதற்கு முந்தின வருஷம் வரைக்கும் எங்கள் உலையில் எரிந்தது கருவேலங்கரி. அது புகைந்ததாகவே எனக்கு நினைவில்லை. பிறகு நல்ல கரி கிடைப்பது கஷ்டமாகிப் போகவே அப்பா நிலக்கரிக்கு மாறினார், மாறின ஒரே வாரத்தில் அதன் சூட்டைப் பார்த்து மயங்கியும் போனார். புதுக் கரி அள்ளிப் போட்டதும் மஞ்சளும் சாம்பலுமாகக் கிளம்புகிற புகை, சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் இருந்த சந்து வழியாக எப்படியோ வெளியேறிக்கொண்டிருந்தது, ஆனி மாதம் பிறக்கிற வரைக்கும். ஆனி பிறந்தால் எங்கள் பக்கம் "மேக்காத்து" தொடங்கிவிடும். மலையிலிருந்து இறங்கி, புளியங்குடியைத் தாண்டி வருகிற அந்தக் காற்று ஆடி முடிகிற வரைக்கும் ஒரு துணியை நிம்மதியாகக் காயப்போட விடாது. அது பட்டறையின் மேற்குச் சந்துக்குள் நுழைந்து, வெளியே போக வேண்டிய புகையைப் பிடரியில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி நிலைவாசல் வழியாக வீட்டுக்குள் தள்ளியது.

வீட்டுக்குள் தொட்டிலில் என் தம்பி கிடந்தான். பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவனுக்கு "இழுப்பு" வந்தது. மூச்சை உள்ளே வாங்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் பள்ளமாகிப் போவதையும், தொண்டையில் ஒரு சின்ன விசில் கேட்பதையும் நான் முதன்முதலில் பார்த்த அன்றைக்கு அது ஏதோ விளையாட்டுச் சத்தம் என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். தெருவில் யாரோ சொல்ல, கோவில் புற்றுமண்ணைக் குழைத்து அவன் நெஞ்சில் பூசியும் பார்த்தார்கள். மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, டாக்டர் அம்மாவின் சேலையை மோந்து பார்க்காத குறையாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மருந்து நான் குடுத்துக்கிட்டே இருக்கலாம்மா. இந்தப் புகையில இந்தக் குழந்தைய வச்சிருந்தீங்கன்னா ஒரு நாள் மருந்து கேக்காமப் போயிரும்" என்று சொன்னார்.

அம்மா அன்று சாயங்காலமே தம்பியைத் தூக்கிக்கொண்டு புளியங்குடிக்குப் புறப்பட்டாள். அங்கே எலுமிச்சை மண்டியில் வேலை பார்த்த மாமாவின் வீடு இருந்தது. போகும்போது அப்பாவிடம் சண்டை எதுவும் போடவில்லை. வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "புகை வெளிய போவட்டும், நாங்க உள்ள வாரோம். அது உள்ள இருந்தா நாங்க வெளியதான்" என்றாள். அவ்வளவுதான். அப்பா, "தபசுக்குள்ள புகைக்குழாய் போட்டுருதேன், நீ கெளம்பு" என்றார். எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசுக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

என்னை அவள் கூட்டிக்கொண்டு போகவில்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது, அப்பாவைத் தனியாக விட முடியாது, காரணங்களெல்லாம் சரிதான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்று கையை ஆட்டியபோது, அவன் மட்டும்தான் உனக்குப் பிள்ளையா என்று எனக்குள் ஒரு ஆங்காரம் வந்ததை இப்போதும் மறைக்க மாட்டேன். எனக்கும்தான் அந்த மாதம் முழுக்க இருமல் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் சொல்லவில்லை. ஏழு மாதப் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிற வீட்டில் பதினொரு வயதுக்காரியின் இருமலை யார் கவனிப்பார்கள்?

புகைக்குழாய் செய்வது அப்பாவுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை என்றுதான் நானும் நம்பினேன். வேறு யாரையாவது கூப்பிட்டு யோசனை கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இரும்பு அவர் தொழில், காற்றும் அவர் தொழில். உலைக்குப் போகிற காற்றுக் குழாயின் முனையை நாங்கள் "மூக்கு" என்போம். சக்கரத்தின் பக்கம் அகலமாகத் தொடங்கி, உலைக்குள் நுழையும் இடத்தில் இரண்டு விரல் போகிற அளவுக்குக் குறுகிவிடும். அப்படிக் குறுகினால்தான் காற்று சீறிக்கொண்டு போய்க் கரியைப் பிடிக்கும், மூக்கு தேய்ந்து அகலமாகிவிட்டால் உலை சோம்பிவிடும். மூக்கைப் பார்த்தே ஒருத்தன் வேலையைச் சொல்லிவிடலாம் என்பார் அப்பா. அந்த மூக்கை அடிப்பதில் சுற்று வட்டாரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வமும் அவருக்கு இருந்தது.

அந்தக் கர்வத்தை அப்படியே தூக்கிக் கூரையில் வைத்தார்.

பழைய இரும்புக் கடையிலிருந்து மூன்று தார் டிரம் வந்து இறங்கியது. உலைக்கு மேல் தொங்கவிட ஒரு "கூண்டு", அதிலிருந்து ஓட்டைப் பிளந்துகொண்டு மேலே போகிற குழாய். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டார். அடியில் அண்டா வாய் அளவு, நுனியில் செம்பு வாய் அளவு. டிரம்மை வண்டியில் கொண்டு வந்த கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரே அளவாப் போட்டா என்ன ஆசாரியாரே? வேலையும் மிச்சம்லா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். "வே, காத்துக்கு வாய் குறுகுனாத்தான் வேகம். இதை எனக்கா சொல்லுதீரு?" கடைக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

நான்கு நாள் வேலை. சம்மட்டிக்கு ஆள் இல்லாததால் தகட்டை வளைக்கிற வேலை முழுவதும் சின்னச் சுத்தியலிலேயே நடந்தது. தகட்டின் மறுபக்கத்தை நான் முழங்காலால் அழுத்திக்கொண்டிருப்பேன், அவர் அடிக்க அடிக்க என் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். ஐந்தாம் நாள், ஓட்டில் நாலைந்தை எடுத்துவிட்டு, அந்த நீண்ட கூம்பை மேலே ஏற்றி, கம்பியால் இழுத்துக் கட்டினார். தெருவிலிருந்து பார்த்தால் கூரைக்குக் கொம்பு முளைத்தது போலிருந்தது. அன்றைக்குக் காற்றும் கொஞ்சம் அடங்கியிருந்தது. கொட்டாங்கச்சி நாலு போட்டுக் கொளுத்திப் பார்த்தார். மெல்லிசான புகை ஒன்று சமர்த்தாக ஏறி நுனி வழியாகப் போனது. "பாத்தியாட்டி?" என்று என் தலையில் தட்டினார். எனக்கு அன்று அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருக்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் நிலக்கரி போட்டு, என்னைச் சக்கரம் சுற்றச் சொன்னார். முதல் பத்துச் சுற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கூண்டு நிரம்பியது. நுனியில் செம்பு வாய் வழியாகப் போனது போக மிச்சம் எல்லாம் கூண்டின் விளிம்பைச் சுற்றி வழிந்து இறங்கி, எங்கள் இரண்டு பேரையும் மூடி, நிலைவாசல் வழியாக வீட்டுக்குள் போனது. முன்பு சந்து வழியாகவாவது கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சந்தையும் இப்போது அப்பா மண் வைத்துப் பூசியிருந்தார். நான் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அப்பா புகைக்குள் நின்று குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகம் பத்தல" என்றார். "இன்னும் கொஞ்சம் குறுக்கணும்."

ஊரில் கொடியேறிவிட்டது. தபசுக்குக் கடைகள் வரத் தொடங்கிவிட்டன. அப்பா இரண்டாவது கூம்பை அடித்துக்கொண்டிருந்தார், இந்தத் தடவை நுனி டம்ளர் வாய் அளவு. எனக்கு அதன் தப்பு தெரியாது. இப்போது தெரிவதால் அப்போதே சந்தேகப்பட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தச் சுத்தியல் சத்தம் முடிகிற வரைக்கும் அம்மா வரமாட்டாள் என்பதுதான். அப்பா வடிக்கிற சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் அரிசியாகவே இருக்கும். தலைபின்ன ஆளில்லாமல் நான் ஒற்றைச் சடையோடு போய்ப் பள்ளியில் திட்டு வாங்கினேன். சாப்பாடும் சடையும்கூடப் போகட்டும். அம்மா இல்லாத வீட்டில் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே அவள் அங்கேயே இருந்துவிடுவாளோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு மாலை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பெட்டிக்கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டு மண்டிக்கு அடித்தேன். மாமா வீடு மண்டிக்குப் பின்தெருவில்தான். அம்மாவைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் அந்தக் கடையின் மிட்டாய்ப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு இரண்டாவது காசைப் போட்டேன். ஒரு காசுக்கு ஒரு நிமிஷம்தான் பேச முடியும்.

"யம்மா, அப்பா புகைக்குழாய் வச்சாச்சு."

"புகை போவுதா?"

"போவுது. வீட்டுக்குள்ள புகையே இல்ல. நீ வா." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. போனைத் தள்ளிப் பிடித்து, வாயைப் பொத்தி, கண்ணில் நீர் வர இருமி முடித்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தேன்.

"ஏட்டி, நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தாம்மா. புகையே இல்ல." போன் கீக் கீக் என்று கத்திவிட்டு நின்றுபோனது.

அவள் வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் அப்பா சரிசெய்துவிடுவார் என்று என் கணக்கு. அம்மா மறுநாள் மத்தியான பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

அது சனிக்கிழமை. நான் வாசலில் இருந்தேன். அப்பா அப்போதுதான் இரண்டாவது கூம்பைக் கட்டி முடித்துவிட்டுக் கூரையிலிருந்து இறங்கியிருந்தார். தெருமுனையில் அம்மாவின் பச்சைச் சேலை தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இடுப்பில் தம்பி, ஒரு கையில் எலுமிச்சம்பழப் பை, கக்கத்தில் நாலாக மடித்த காலித் துணிப்பை. மாற்றுச்சேலை வைத்த பெட்டி எதுவும் இல்லை. அதையெல்லாம் கண் பார்த்தது, புத்தி வாங்கவில்லை.

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அவள் தானாக வந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்க. இப்பம் பாரு" என்று உலைக்குப் போனார். அம்மா, "இப்பம் ஒண்ணும் பத்த வைக்க வேண்டாம், இருங்க" என்றாள். அவர் காதில் அது விழவே இல்லை. இத்தனை நாளாக அடித்த வேலையைக் காட்டுகிற அவசரம் அவருக்கு. அம்மா தம்பியோடு வீட்டுக்குள் போனாள். நிலைவாசல் வழியாகப் பார்த்தேன், கொடியில் கிடந்த என் பாவாடை சட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாகத் துவைக்க எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"சுத்துட்டி" என்றார் அப்பா.

நான் மெதுவாகச் சுற்றினேன். மெதுவாகச் சுற்றினால் புகை குறைவாக வரும், அதற்குள் ஏதாவது நடந்து இது நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை. "என்ன, சோறு திங்கலையா? வேகமாச் சுத்து." அவர் ஒரு அள்ளு புதுக் கரியைப் போட்டார். நான் சுற்றினேன். கூண்டுக்குள் புகை திரண்டு, உருண்டு, போக இடமில்லாமல் நின்றது. அந்த நேரம் பார்த்து மேக்காத்து ஒரு அடி அடித்தது. டம்ளர் வாய்க்குள் இறங்கிய காற்று குழாயில் ஓலமிட்டுக்கொண்டு வந்து, கூண்டில் நின்ற அத்தனை புகையையும் ஒரே மூச்சில் கீழே தள்ளியது. அம்மா நின்ற இடம் எனக்குத் தெரியாமல் போயிற்று. சக்கரத்திலிருந்து கையை எடுக்க வேண்டும் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. என் கை சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த விசில் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை, அம்மாவின் குரல்தான் கேட்டது. அவள் புகையைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தம்பியின் வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை, உதடு நீலமாக இருந்தது. நிலைவாசலில் இறக்கி வைத்திருந்த எலுமிச்சம்பழப் பை அவள் கால் தட்டி அவிழ்ந்து, பழங்களெல்லாம் பட்டறை முழுக்க உருண்டன. தெருவில் போன ஆட்டோவை எதிர்வீட்டு அக்கா மறித்தாள். அம்மா ஏறினாள், ஆட்டோ போய்விட்டது. எனக்கோ அப்பாவுக்கோ அதில் ஏற இடம் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிலை மாதிரி நின்றோம்.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி நிறைய எழுதலாம், எழுத எனக்குத் தெம்பு இல்லை. அப்பா கூரையில் ஏறிக் குழாயைக் கட்டியிருந்த கம்பிகளை வெறிபிடித்தவர் போல அறுத்தார். கூம்பு தெருவில் வந்து விழுந்து நசுங்கியது. பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். என்னை எதிர்வீட்டில் இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை. பட்டறைக்குள் போய், கீழே உருண்டு கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கினேன். ஒவ்வொரு பழத்திலும் என் கரிவிரல் அச்சு விழுந்தது. தம்பி செத்துப்போனால் அது நான் செய்த கொலை என்று தெளிவாக நினைத்தேன். பதினொரு வயதில் அந்த வார்த்தையை ஒரு பிள்ளை தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளக் கூடாது. நான் சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார்கள். தம்பி அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். உதடு பழையபடி சிவந்திருந்தது. நான் கிட்டப் போகப் பயந்து தூணோரம் நின்றேன். அப்பா திரும்பி, "ஆமா, இன்னைக்கு வரணும்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று அம்மாவைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்" என்றாள்.

பிறகு நசுங்கிக் கிடந்த கூம்பைத் தெருவில் குனிந்து பார்த்தாள். அதன் டம்ளர் வாயில் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்படியிலிருந்து ஊதுகுழலை எடுத்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். "இது ஊதுததுக்கு. பின்னாலேருந்து ஒரு வாய் ஊதுனாத்தான் முன்னால குறுகுனது வேகமாப் போவும். நம்ம மூக்கும் அப்படித்தானே, சக்கரம் சுத்தலைன்னா காத்து வருமா? புகைக்குப் பின்னால நின்னு யாரு ஊதப் போறா? அது தானா நடந்து போறது. வாசலைச் சின்னதாக்கிட்டுப் போ போன்னா எங்கன போவும்?"

அப்பா ஊதுகுழலை இந்தக் கண்ணிலும் அந்தக் கண்ணிலும் வைத்துப் பார்த்தார். இருபது வருஷமாகக் காற்றை விரட்டியே பழகிய மனிதர், விரட்டாமலும் ஒன்று போகும் என்பதை யோசித்ததே இல்லை. அவர் காது மடல் சிவந்திருந்தது.

மறுநாள் காலையில் அம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு சம்மட்டியை எடுத்தாள். இரண்டு கூம்பையும் வெட்டிப் பிரித்து, கல்லில் போட்டு நிமிர்த்தி, மிச்சமிருந்த டிரம்மையும் சேர்த்து, அடியிலிருந்து நுனி வரைக்கும் அண்டா வாய் அளவிலேயே துண்டு துண்டாக உருட்டி ரிவிட் அடித்தார்கள். ஓட்டு முகட்டைவிட ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினார்கள். நுனிக்கு மேல் நாலு விரல் இடைவெளி விட்டு, காற்று நேராக உள்ளே இறங்காமல் இருக்க ஒரு "தொப்பி". இரண்டு பேரின் அடியும் மாறி மாறி விழுந்தது. இத்தனை நாளாக அந்தச் சத்தத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தபசுக்கு முந்தின நாள் உலையைப் பற்றவைத்தார்கள். அம்மா தம்பியைத் தூக்கி என் இடுப்பில் வைத்து, "எதிர்வீட்டு அக்காகிட்ட போ" என்றாள். நான் அவனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வழக்கம்போலச் சக்கரத்தில் கை வைத்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள். "நீயும் போ. நான் சுத்துதேன்." தண்டனை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு வாசலில் தம்பியை வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் கூரையைப் பார்த்தேன். சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. தொப்பிக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் வாசலில் முதல் புகை எட்டிப் பார்க்கும் என்று நான் வாசலையே முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி கையை மேலே நீட்டி, "ங்கா" என்றான். அண்ணாந்து பார்த்தேன். தொப்பியைச் சுற்றி மஞ்சளும் சாம்பலுமாகப் புகை குபுகுபுவென்று கிளம்பி, மேக்காத்தில் சாய்ந்து, ஊரின் கிழக்குப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாசல் சுத்தமாக இருந்தது. நான் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

தம்பிக்கு ஏழு வயதோடு இழுப்பு விட்டது. இப்போது திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறான், வாலிபால் ஆடுகிறான், லீவுக்கு வந்தால் மூன்று பேர் சோற்றைத் தின்கிறான். பட்டறை புளியங்குடி ரோட்டில் பெரிய ஷெட்டுக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அங்கே மின்சாரச் சம்மட்டி அடிக்கிறது, அப்பாவிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். புகைக்குழாயை மட்டும் யாரும் கழற்றவில்லை. உலை இல்லாத அறையின் மேல் அது சும்மா நின்றுகொண்டிருந்தது. போன ஆடியில் ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டபோதுதான் இறக்கினார்கள். துருப்பிடித்த துண்டுகள் கையோடு உதிர்ந்தன.

தென்காசியிலிருந்து நான் வந்திருந்தேன். வேலை நடந்துகொண்டிருக்க, அம்மாவும் நானும் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குழாய் நின்ற இடத்தில், அதைப் பிடித்திருந்த இரும்பு வளையத்துக்குள் வானம் வட்டமாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன். "யம்மா, அன்னைக்கு நான் போன்ல சொன்னது பொய்."

"தெரியும்" என்றாள் அம்மா.

"எப்பம் தெரியும்? ஆஸ்பத்திரியிலயா?"

"நீ போன்ல இருமுனப்பமே. புகையே இல்லைங்குத பிள்ளைக்கு அந்த இருமல் எங்கேருந்து வரும்?"

தெரிந்தும் அவனைத் தூக்கிக்கொண்டு ஏன் வந்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கூரையில் தெரிந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பிள்ளைக்குப் பயந்து ஓடி, இன்னொரு பிள்ளையப் புகைக்குள்ள விட்டுட்டு வந்துட்டோமேன்னு அப்பம்தான் உறைச்சுது" என்றாள். "எங்க அண்ணன் வீட்ல பிள்ளைய விடலாம்னா அது பால்குடி. அதான் தூக்கிக்கிட்டே வந்தேன். உன் துணிமணிய அந்தப் பையில அடைச்சுக்கிட்டு, அடுத்த பஸ்லயே உன்னையும் கூட்டிட்டுப் போயிரலாம்னுதான். கொடியில கெடந்தத எடுத்துக்கிட்டுதான் இருந்தேன், அதுக்குள்ள உங்க அப்பா பத்த வச்சுட்டாரு."

கலவை இயந்திரம் சத்தம் போட்டது. மேலே நின்ற கொத்தனார், வட்டத்துக்குக் குறுக்கே முதல் கம்பியைக் கட்டினார்.